பீரங்கிகளைக் கழற்றிவிட்டு ஓடிய கப்பல்

போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு மூன்று இளம் பொறியியலாளர்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். முப்பரிமாண அச்சுப்பொறியாம். ஒரு பெட்டிக்குள் ஊசி போன்ற ஒரு முனை அங்கும் இங்கும் ஓடுகிறது. ஒரு கப்பலின் உடல் அடியிலிருந்து மேலாகத் தானே வளர்கிறது.

"இதைப் பார்க்க உங்களுக்குக் கவலையா இருக்கும், என்ன ஆன்ரி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னத்துக்குக் கவலை? அந்தப் பெட்டி எண்பத்தைந்தில் என்னிடம் இருந்திருந்தால் என் வலது தோள்மூட்டு இன்றைக்கு இந்தப் பாடு படாது. மரத்தூள் தின்று இருமியிருக்கவும் மாட்டேன். மாதிரிக் கப்பல் செய்வது புனிதமான வேலை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். அது பசை, தூசி, முதுகுவலி. ஆனால் அந்த முதுகுவலிக்கு நடுவே சில நாட்கள் தலைகால் புரியாத சந்தோஷம் இருந்தது. அதில் ஒன்றை எழுதுகிறேன். எழுதச் சொன்னது நீங்கள்தான். பிறகு நீளம் என்று சொல்லி வெட்டக்கூடாது.

கொழும்பில் ஒரு கப்பல் திருத்தும் தளத்தின் வரைபட அறையில் ஆறு வருடம் இருந்தேன். எஞ்சினியர் பென்சிலால் கீறியதை மெழுகுத் துணியில் மையால் பிரதி எடுப்பது என் வேலை. கப்பலை நான் முழுசாகப் பார்த்ததே குறைவு. கோடுகளாகத்தான் தெரியும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. அடுத்த வருடம் நானும் கணவரும் ஆக்லாந்தில் இருந்தோம், அவ்வளவுதான். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் மங்கரேயில் விமானச் சரக்குக் கொட்டகையில் பெட்டி தூக்கினார். நான் ஹென்டர்சனில் ஒரு மாதிரிக் கப்பல் பட்டறையில் வரைபடக்காரியாகச் சேர்ந்தேன்.

பட்டறையில் மூன்று பேர். முதலாளி ரொன், மரவேலைக்கு மலேசியாவிலிருந்து வந்த ஜோசப், நான். கப்பல் கம்பெனிகள், நூதனசாலைகள், பணம் உள்ள கிழவர்கள், இவர்கள்தான் வாடிக்கையாளர்.

ரொன் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பாராட்டியும் கேட்டதில்லை. நாம் செய்து முடித்த கப்பலை அவர் முன்னால் வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். கட்டைவிரல் நகத்தை முன்முனையில் வைத்துப் பின்முனை வரைக்கும் மெதுவாக இழுப்பார். இருபக்கமும் அப்படி. நகம் எங்கேயாவது தட்டினால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்து, கப்பலைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். ஒரு வார்த்தை கிடையாது. முதல் மூன்று மாதத்தில் நான் தொட்டது எல்லாம் கவிழ்ந்துதான் கிடந்தது.

"அக்கா, இந்த மனுஷன் திட்டினாகூட நல்லா இருக்கும் லா" என்பான் ஜோசப். "இது செத்த மீன் மாதிரி கவுத்துப் போட்டுட்டுப் போறாரு."

"திட்டட்டுமன். திட்டினா நானும் திருப்பித் திட்டுவன். இந்த ஆளோட எப்பிடிச் சண்டை பிடிக்கிறது?"

அப்படி இருக்கும்போதுதான் பஸ்குவாலே வந்தார். எழுபத்துநான்கு வயது இத்தாலியர். ஈஸ்ட் டாமாக்கியில் தரை ஓடு செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். கழுத்தில் பட்டுத்துணி, கக்கத்தில் ஐந்து சுருள் வரைபடம். இளம் வயதில் ஜெனோவாவில் ஒரு கப்பல் தளத்தில் வேலை பழகினவராம். இரண்டு உலகப் போர்களுக்கும் இடையில் இத்தாலி இலகு குரூசர் என்று ஒரு வகைப் போர்க்கப்பலைக் கட்டியது. நாசகாரி எனும் விரைவுப் போர்க்கப்பலைவிடப் பெரியது, கனரக குரூசரைவிடச் சிறியது. ஒரே வரைபடத்தில் கட்டின கப்பல்கள் ஒரு வகுப்பு. பத்து வருடத்துக்குள் ஐந்து வகுப்பு, மொத்தம் பன்னிரண்டு கப்பல். வகுப்புக்கு ஒன்றாக ஐந்து மாதிரி செய்து தன்னுடைய இத்தாலியச் சங்க மண்டபத்தில் வைக்க வேண்டும் என்றார். முதலாவது மட்டும் தண்ணீரில் ஓட வேண்டும். சங்கத்தார் எல்லாரையும் கூட்டி ஒரு பூங்காக் குளத்தில் ஓட்டிக் காட்டுவாராம். அது சரியாக வந்தால் மற்ற நான்குக்கும் ஒப்பந்தம். வராவிட்டால் நன்றி, வணக்கம்.

அந்தச் சுருள்களை விரித்த மத்தியானம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஐந்தையும் வரிசையாக நிலத்தில் விரித்து, நடுவில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் படிக்கத் தேவையில்லை. கோடுகளே கதை சொல்லின.

பிரான்ஸ் பெரிய வேகமான நாசகாரிகளைக் கட்டுகிறது என்று இத்தாலிக்குப் பயம், பஸ்குவாலே சொல்லியிருந்தார். அதைத் துரத்திப் பிடிக்க ஒரு கப்பல் வேண்டும். ஆகவே முதல் வகுப்பு நாணல் போல ஒல்லி. எட்டுப் பீரங்கி, மிரட்டுகிற எஞ்சின். ஆனால் கவசத் தகடு என் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. பீரங்கி கூட்டுக்கு இரண்டாக, ஒரே தொட்டிலில் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் மாதிரிக் கிடந்தன. சேர்த்துச் சுட்டால் ஒரு குண்டு மற்றதை இடறும். மேல்தட்டில் விமானக் கொட்டகை வேறு. ஒல்லிப் பிள்ளையின் தலையில் தண்ணீர்க் குடம். இரண்டாம் வகுப்பில் அந்தக் கொட்டகையை எடுத்துவிட்டார்கள். மூன்றாவதில் உடம்பை நீட்டி அகட்டிக் கவசத்தை இரண்டு மடங்குக்கு மேல் தடிப்பாக்கினார்கள். நான்காவதில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது வேறு பிறவி. பத்துப் பீரங்கி, தடித்த கவசம், அகலமான உடல். வேகம் குறைவு, ஆனால் கப்பல் என்று சொல்லலாம். மிச்சத்தைப் பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன்: போரில் முதல் வகுப்பின் நான்கும் மூழ்கின. அதில் ஒன்றை, காகிதத்தில் அதைவிட மெதுவான எதிரிக் கப்பல் ஒன்று எட்டிப் பிடித்தே மூழ்கடித்தது. ஐந்தாம் வகுப்பின் இரண்டும் போர் முடிந்தும் மிதந்தன.

பெரிய பெரிய ஆட்கள் ஒரு தப்பைச் செய்துவிட்டு அதை நான்கு முறை திருத்தியிருக்கிறார்கள். எனக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது. ஆறு வருடம் பிரதி எடுத்தவள் முதன்முறையாக ஒரு படத்தை வாசித்தேன்.

பஸ்குவாலே அடுத்த வாரம் வந்தபோது அதை அப்படியே சொன்னேன். "உங்கள் முதல் கப்பல் முட்டைக் கோது."

மனுஷன் சிவந்து போனார். "சின்யோரா! அந்தக் கப்பல் நாற்பத்திரண்டு நாட், மணிக்கு நாற்பத்திரண்டு கடல்மைல் ஓடியது! உலகத்தில் எந்தக் குரூசர் ஓடியது? நான் அதில் நின்றேன். எனக்குப் பத்தொன்பது வயது!"

"ஓடித் தப்பினதா?"

அவர் இத்தாலிய மொழியில் என்னவோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. நான் தமிழில் ஒன்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. ரொன் பைப்பில் புகையிலை அடைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் எங்கள் விசா முடிய ஆறு வாரம்தான் இருந்தது. நிரந்தரமாக இருக்க விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு, இவளுக்குத் தொடர்ந்து வேலை இருக்கிறது, இவள் இல்லாமல் முடியாது என்று முதலாளி கடிதம் தர வேண்டும். ரொன்னிடம் கேட்டேன்.

"மற்ற நான்கு கப்பலும் கிடைத்தால் உனக்கு இரண்டு வருட வேலை இருக்கிறது, எழுதுவேன்" என்றார். "கிடைக்காவிட்டால் உனக்கு வேலை இல்லை. இருக்கிறது என்று எழுதினால் பொய். எழுதமாட்டேன்."

அவர் மேல் கோபப்பட வழியில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் கணவர் தலையில் கை வைத்தார்.

"அந்தக் கிழவனோட சண்டை பிடியாதையும். ஆறு கிழமை வாயைத் திறவாமல் இரும்."

"இஞ்சேருங்கோ, நான் சண்டை பிடிக்கேல்லை. அந்தாள்தான் பொய்க் கதை கதைக்குது."

இனி வேலை. நூறில் ஒரு பங்கு அளவு. நீளம் ஒரு மீற்றரும் எழுபது சென்ரிமீற்றரும், அகலம் ஒரு சாண் கூட இல்லை. வரைபடத்தில் கப்பலைக் கிடையாக வெட்டின மாதிரி கோடுகள் இருக்கும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பலகை. ஒவ்வொன்றையும் கோட்டின்படி அறுத்து, நடுவைக் குடைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை போட்டு இறுக்கினால் படிக்கட்டு மாதிரி ஒரு உருவம் வரும். ஜோசப் அந்தப் படிகளைச் சீவுளியால் சீவுவான். நான் குறுக்கு வெட்டு வடிவத்தில் அட்டை வெட்டி, உடலோடு ஒட்டிப் பிடித்து, பின்னால் விளக்கைப் பிடிப்பேன். அட்டைக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் இன்னும் உப்புத்தாள். தெரியாமல் போகும்வரை உப்புத்தாள். இந்தக் கப்பலில் ரொன்னின் நகம் ஒரு இடத்திலும் தட்டவில்லை. கவிழ்க்காமல் தேத்தண்ணி குடிக்கப் போனார். ஜோசப் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. நூறில் ஒரு பங்காகச் சிறுத்த கப்பல் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடினால்தான் அலை நிஜக் கப்பலின் அலை மாதிரி எழும். ஐம்பது மீற்றரை இருபத்துமூன்று விநாடியில் கடந்தால் அது பஸ்குவாலேயின் நாற்பத்திரண்டு நாட். என் கணவர் சரிபார்த்துத் தந்தார்.

தப்பு எங்கே நடந்ததென்றால் அழகில். மாதிரிக் கப்பல் செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி, மேல்தட்டை விட மாட்டார்கள். பீரங்கி உலோகமாகத்தான் இருக்க வேண்டும் என்று பஸ்குவாலே அடம் பிடித்தார். நான்கு பீரங்கிக் கூடுகளையும் ஈயக் கலவையில் வார்த்தோம். கொடிமரம் பித்தளை. ரொன்னுக்கு ஏழு பூச்சு வண்ணம் இல்லாமல் தூக்கம் வராது. கடைசியில் தராசில் வைத்தால், ஏழு கிலோவுக்குள் இருக்க வேண்டியது எட்டைத் தாண்டி நிற்கிறது. கூடின பாரம் முழுக்க மேலே.

மங்கரேயில் ஒரு பூங்காக் குளத்தில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐம்பது மீற்றர் இடைவெளியில் இரண்டு மிதவை கட்டி ஓட்டிப் பார்த்தோம். இருபத்தொன்பது விநாடி. திருப்பத்தில் சாய்ந்த சாய்வில் மேல்தட்டு ஓரத்தில் தண்ணீர் ஏறியது. பஸ்குவாலே கண்ணை மூடிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அறுபது பேர் வரப்போகிறார்கள். திங்கட்கிழமை நான் கடிதத்தோடு விண்ணப்பம் கொடுக்க வேண்டும்.

"பெரிய மோட்டார் போடுங்கள்" என்றார்.

"பெரிய மோட்டாருக்குப் பெரிய பற்றரி வேணும். பெரிய பற்றரி இன்னும் பாரம். உங்கள் ஆட்களும் இதே இடத்தில்தான் முட்டினார்கள்" என்றேன்.

ஜோசப் என் காதில் சொன்னான்: "அக்கா, பீரங்கிய கழட்டிட்டா ஓடும் லா. ஒவ்வொண்ணும் கால் கிலோ."

சொன்னதும் எனக்கு ஒன்று பொறி தட்டியது. வரைபடச் சுருளோடு பஸ்குவாலே ஒரு புகைப்படமும் தந்திருந்தார். வெள்ளோட்ட நாளில் எடுத்தது. கப்பல் மலை மாதிரித் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறது. எல்லாரும் அந்த நுரையைத்தான் பார்ப்பார்கள். பட்டறை வான் வண்டியிலிருந்து அதை எடுத்து வந்து பூதக்கண்ணாடி வைத்து மேல்தட்டைப் பார்த்தேன். பீரங்கிக் கூடுகள் இருக்க வேண்டிய இடங்களில் வட்ட வட்டமாகப் பலகை மூடி. பீரங்கி ஒன்றுமே இல்லை.

ஒப்பந்தத்தில் சொன்ன வேகத்தைத் தாண்டினால் கட்டினவர்களுக்கு வெகுமதி என்று அந்தக் காலத்தில் ஒரு நடைமுறை. ஆகவே கப்பலைப் பட்டினி போட்டு ஓட்டுவார்கள். எண்ணெய் கொஞ்சம், ஆட்கள் கொஞ்சம், பீரங்கி பிறகு. அந்த வேகத்தை அந்தக் கப்பல் போருக்குப் போகும் உடுப்போடு ஒருநாளும் ஓடவில்லை.

நான் படத்தையும் கண்ணாடியையும் அவர் கையில் கொடுத்தேன்.

"பீரங்கியும் வேண்டும், நாற்பத்திரண்டும் வேண்டும் என்கிறீர்கள். அப்படி ஒரு கப்பல் இந்த உலகத்தில் இருந்ததே இல்லை. நீங்கள் பொய் சொல்கிறீர்கள்."

"நான் அதில் நின்றேன்!"

"நின்றீர்களென்றால், பீரங்கி எங்கே நின்றது?"

அவர் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தை மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

குளத்தில் வாத்துகள் சத்தம் போட்டன. ரொன் பைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"வாடிக்கையாளரைப் பொய்யன் என்று சொல்லிவிட்டாய்."

"ஓம். சொன்னேன்."

"சரியாகத்தான் சொன்னாய். ஆனால் அதற்காக ஒருவரும் கப்பல் வாங்குவதில்லை."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆள் வருகிறதோ இல்லையோ, சொன்ன நாளில் கப்பலைக் கொண்டுபோய் நிறுத்துவது ரொன்னின் வழக்கம். போகும் வழியில் வானை நிறுத்தச் சொல்லி நான்கு கூடுகளையும் திருகிக் கழற்றி ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டேன். அந்த இடங்களில் மெல்லிய பலகையில் வெட்டிய வட்ட மூடிகளை ஒட்டினேன். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெட்டியவை. ரொன் பார்த்தார். நகத்தால் ஒரு மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வானைக் கிளப்பினார்.

"அக்கா, விசா போனா என் வீட்டு கராஜுல தங்கிக்கலாம்" என்றான் ஜோசப்.

"உன்ர கராஜுக்கும் விசா வேணுமடா விசரா."

குளக்கரையில் அறுபது பேருக்கு மேல். குடும்பம் குடும்பமாக, கோட்டும் தொப்பியுமாக, மேசை போட்டு வைனும் ரொட்டியும். பஸ்குவாலே நடுவில் நின்றார். அழைத்தாகிவிட்டது, வராமல் இருக்க முடியாதே. என் கணவரும் ஓரத்தில் மணிக்கூட்டோடு நின்றார், முகத்தில் இரத்தம் இல்லை. நாங்கள் கப்பலைத் தண்ணீரில் இறக்கினோம். ஒருத்தர் இத்தாலிய மொழியில் ஏதோ உரக்கக் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். பீரங்கி எங்கே என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

பஸ்குவாலே குனிந்து மேல்தட்டைப் பார்த்தார். மூடிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மேலே ஒரு விமானம் தாழப் பறந்து போனது. போனபின் அவர் திரும்பி நின்று பேசத் தொடங்கினார். முதலில் இத்தாலிய மொழியில். நடுவில் ஆங்கிலத்துக்கு மாறினார், எனக்காக என்று நினைக்கிறேன்.

"ஐம்பத்தைந்து வருடமாக உங்களுக்குப் பொய் சொன்னேன். பீரங்கி இல்லை. பின்பக்கத்தில் அந்த மூடியின் மேல்தான் நான் உட்கார்ந்திருந்தேன், கயிற்றால் கட்டிக்கொண்டு. தொப்பி பறந்துவிட்டது. அரைமணி நேரம் கத்தினேன். பயத்தில் இல்லை! இந்தக் கப்பல் சண்டைக்கு ஆகாது என்று எங்கள் மேஸ்திரிக்கே தெரியும். ஆனால் வேகம் பொய் இல்லை. அந்த அரைமணி நேரம் பொய் இல்லை!" கையை வீசினார். "ஓட்டு, சின்யோரா! ஓட்டு!"

ரொன் கப்பலை ஓட்டும் ரேடியோப் பெட்டியை என் கையில் தந்தார். அதுவரை அதை யாருக்கும் கொடுத்ததில்லை. நான் பிடியை முழுசாகத் தள்ளினேன்.

ஐயோ, அது போன போக்கு! முன்முனை தூக்கி, இரண்டு பக்கமும் நுரை விரிய, தண்ணீரில் கோடு கீறினாற்போல் போனது. "இருவத்திமூண்டு!" என்று என் கணவர் கத்தினார், வகுப்பில்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார். அறுபது பேரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். கத்தினதில் திருப்ப மறந்துவிட்டேன். ஐம்பது மீற்றருக்கு அப்பால் கரை என்று ஒன்று இருக்கிறது. வாத்துக் கூட்டம் இரண்டாகப் பிளந்து பறந்தது. கப்பல் நாணல் புதருக்குள் மூக்கைக் குத்தி, பின்பக்கத்தைத் தூக்கி, சுழல்விசிறிகள் காற்றில் சுற்ற நின்றது.

ஜோசப் காற்சட்டையோடு குதித்தான். பஸ்குவாலேயும் குதித்தார், பட்டுத்துணியோடு. இடுப்பளவுத் தண்ணீரில் இரண்டு பேரும் யார் முதலில் போவது என்று தள்ளுப்பட்டார்கள்.

"அங்கிள், சேறு! வழுக்கும் லா!" என்று ஜோசப் தமிழில் கத்த, அவர் இத்தாலிய மொழியில் பதில் கத்தினார். கப்பலைக் குழந்தை மாதிரித் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முன்முனை நசுங்கி இருந்தது. ஏழு பூச்சும் போய் வெறும் மரம் தெரிந்தது. ரொன் ஒரு ஓரமாகத் திரும்பி நின்றார், தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சொட்டச் சொட்ட நின்றபடியே பஸ்குவாலே மற்ற நான்கையும் செய்யச் சொன்னார். இந்த முதலாவதைப் பீரங்கி இல்லாமல், நசுங்கின மூக்கோடேயே மண்டபத்தில் வைக்கச் சொன்னார். மூக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று நான் அரைமணி நேரம் சண்டை பிடித்தேன். தோற்றேன்.

திங்கட்கிழமை காலைத் தேத்தண்ணி நேரம் ரொன் கடிதத்தை மேசையில் வைத்தார். தட்டச்சு, நான்கே வரி. இவருக்கு எங்களிடம் இரண்டு வருட வேலை நிச்சயமாக இருக்கிறது. இவர் வாடிக்கையாளர்களோடு மோசமாகப் பேசுவார். என்னோடும் அப்படித்தான். இவர் வந்தபின் என் பட்டறையிலிருந்து பொய்யான கப்பல் எதுவும் வெளியே போகவில்லை, இவர் போனால் போகும்.

எனக்கு முகம் எரிந்தது. "இதையா கொண்டுபோய்க் குடுக்கிறது?"

"நான் பொய் எழுதமாட்டேன் என்று சொன்னேனே" என்றார்.

நகர நடுவில் குடிவரவு அலுவலகம். கணவர் பட்டறை வானை வெளியே நிறுத்தி அதற்குள்ளேயே இருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி, என்னைவிட இளையவள், கடிதத்தை வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"இது உங்களைப் பற்றிய சிபாரிசா, முறைப்பாடா?"

"இரண்டும்தான்" என்றேன். "இரண்டும் உண்மை."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அங்கே யாரோ பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது. கால்மணி நேரம் நின்றேன். அவள் திரும்பி வந்து விண்ணப்பத்தின் மேல் முத்திரையைக் குத்தி, கடவுச்சீட்டுகளையும் குத்தி, முடிவு வரும்வரை இரண்டு பேரும் வேலை செய்யலாம், கடிதம் இப்படி இருந்தால் முடிவைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்றாள்.

வெளியே வந்து வானின் கண்ணாடியைத் தட்டினேன்.

"என்னவாம்?"

"குத்திட்டாள்."

என் கணவர் அமைதியான மனுஷன். ஹோர்னில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார், எடுக்கவே இல்லை. தெருவில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கிங் தண்டம் எழுதுகிறவன் ஓடி வந்தான். தண்டச் சீட்டையும் எழுதித் தந்தான். வாங்கி முத்தமிட்டேன்.